வாகை மரத்தின் பங்குனி அளவு

தம்பி, இதைப் படிக்கும்போது கையில் காப்பித் தம்ளர் இருந்தால் கீழே வை. நின்றுகொண்டிருந்தால் உட்கார். உன் ஆய்வேட்டை அடுத்த திங்கட்கிழமை கொடுக்கப் போவதாகச் சொன்னாயே, அப்படியே கொடுக்காதே. அதில் நம் தையல் கடைக்குப் பின்னால் நிற்கும் வாகை மரத்தைப் பற்றி நீ எழுதியிருக்கும் அத்தியாயம் பொய். பொய் உன்னுடையது இல்லை, என்னுடையது. மரத்தை மாதாமாதம் அளந்து எண்ணை உனக்கு அனுப்பியவள் நான்தானே. அந்த எண்களில் பாதியை நான் மாற்றி எழுதினேன். நேராகச் சொல்லிவிட்டேன், பார். முப்பது வருடமாக ஆட்களைச் சுற்றி டேப்பை வளைத்தே பிழைத்தவள் ஒரு விஷயத்தை நேராகச் சொல்வது இதுதான் முதல் தடவை. மிச்சத்தை என் வழக்கப்படி சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள். இதை உன் அறை நண்பன் பிரித்துப் படித்தாலும் சரி, உன் பேராசிரியர் படித்தாலும் சரி, எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளித்து ஒளித்துத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை நீ போனில் அந்த அத்தியாயத்தை எனக்காகத் தமிழில் சொல்லிக் காட்டினாய். சிறுமலைச் சரிவில் நீ அளந்த முப்பது வாகைகளும் இலை கொட்டிய பிறகு உள்ளே நீர் வற்றிச் சுற்றளவில் சில மில்லி சுருங்குகின்றன, மழை விழுந்ததும் உப்பிப் பழைய அளவுக்கு வந்து, அதற்கு மேல்தான் வளர்கின்றன என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி, "ஆனா நம்ம வாடிப்பட்டி மரம் மட்டும் மூணு பங்குனியிலயும் ஒரு மில்லிகூட மெலியலம்மா. பக்கத்துக் கால்வாய்த் தண்ணி கசிஞ்சு வேருக்குப் போகுது. கால்வாய்க் கரை முழுக்க இந்த மரத்த நடலாம்னு எழுதியிருக்கேன்" என்றாய். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் எனக்குக் குமட்டியது. உவமைக்குச் சொல்லவில்லை. "சரிப்பா, கஸ்டமர் வந்துட்டாக" என்று போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் மத்தியானம் தின்ற அத்தனையையும் கக்கினேன். கக்கியது அந்த மரத்தடியில்தான். ஊரே அங்கே துப்புகிறது, என் பங்குக்கு நானும்.

அந்த மரத்தை இந்த ஊர் வைத்திருக்கும் லட்சணத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நிற்கிறது. மலையில் நின்றிருந்தால் கரடியும் மானும்தான் வந்து உரசிவிட்டுப் போயிருக்கும். இங்கே பிறந்த பாவத்துக்கு உடம்பெல்லாம் ஆணி. வெற்றிலை எச்சில் ஒரு பக்கம், சுண்ணாம்பு தடவிய விரல் தடம் ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியும்படி கழிப்பறை கட்டிவிட்டிருந்தாலும் நம் ஆம்பளைகளுக்கு மரத்தைக் கண்டால்தான் ஒன்றுக்கு வரும். தூ! ஆனாலும் அது தன் வேலையை மறந்ததில்லை. மார்கழியில் இலை பழுக்கும். தையில் கொட்டும். மாசியில் நெற்றெல்லாம் காய்ந்து, காற்றடித்தால் நூறு பேர் ஒரே நேரத்தில் புரணி பேசுகிற மாதிரி சலசலக்கும். பங்குனியில் மொட்டையாக நிற்கும். சித்திரையில் ஒரு மழை விழுந்தால் போதும், தளிர் விட்டுப் பூத்து, இந்த மூத்திரச் சந்திலும் ஒரு வாசம் வரும். மதுரைக்குப் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள்கூட மூக்கை நீட்டிப் பார்ப்பார்கள். பிறகு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், இரண்டாவது வாசமும் வந்து சேர்ந்துவிடும்.

மூன்றரை வருடத்துக்கு முன்பு நீ மஞ்சள் பெயிண்டால் அதன் மேல் ஒரு கோடு இழுத்து, ஓர் எஃகு டேப்பையும் நீல நோட்டையும் என் கையில் கொடுத்தாய். "மலை மரங்கள நான் பாத்துக்குவேன். சமவெளில ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்க வேணும். நீ மாசம் ஒருக்கா அளந்தாப் போதும்மா. எல்லா நாட்டுலயும் மார்பளவு உயரத்துலதான் சுத்தளவு எடுப்பாங்க" என்றாய். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் கூடி, கடைசியில் லேடீஸ் டெய்லர் செய்கிற வேலைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பெருமையாகவும் இருந்தது, மறைக்க மாட்டேன். நான் எட்டாவது ஃபெயில். என் எண்கள் உன் புத்தகத்தில் ஏறப் போகின்றன. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னேன். ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸை அந்தக் கோட்டின் மேலேயே ஒருவன் ஆணியடிக்க ஏறியபோது நடுரோட்டில் சண்டைக்குப் போனேன்.

"அண்ணே, அந்தக் கோட்டுல மட்டும் அடிக்காதீக. எம்மகன் அளவு எடுக்கிற எடம்."

"ஏக்கா, மரத்துக்கு ரவிக்கை தைக்கப் போறீகளாக்கும்?"

"உங்க வீட்டம்மாவுக்குத் தச்ச மிச்சத் துணி கெடக்கு, அதுல தைக்கலாம்னு இருக்கேன். எறங்குங்க கீழ."

இறங்கிவிட்டான். இரண்டடி மேலே ஏற்றி அடித்தான், அவ்வளவுதான் நம்மால் முடிந்த மரப் பாதுகாப்பு. இப்படிக் கோட்டுக்குக் காவல் நின்றவள்தான் நோட்டுக்குள் திருடியிருக்கிறேன்.

முதல் வருடம் ஐப்பசி, கார்த்திகையில் எண் ஏறியது. தீபாவளிக் கூட்டத்தில் சோறு தின்ன நேரமில்லை, ஆனாலும் விடியற்காலையில் ஈரத்தில் நின்று அளந்தேன். அதெல்லாம் சத்தியமான அளவு. தையில் நூற்று நாற்பத்தொரு சென்டிமீட்டரும் இரண்டு மில்லியும். மாசியில் டேப்பைச் சுற்றினால் இரண்டு மில்லி குறைவு. சரி, இறுக்கிப் பிடித்திருப்பேன் என்று மறுபடி சுற்றினேன். அதே எண். பங்குனியில் இன்னும் மூன்று மில்லி கீழே போய்விட்டது. பக்கத்தில் இட்லிக்கடை போட்டிருக்கும் மல்லிகா மதினி ஈயச்சட்டியைத் தேய்த்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாத சங்கதி உலகத்தில் கிடையாது என்று அவளும் நம்புகிறாள், கெட்ட காலம், நானும் நம்பினேன்.

"மதினி, மரம் மெலியுமா?"

"மரம் எங்கிட்டாச்சும் மெலியுமா? அதென்ன ஒங்க வீட்டுக்காரரா? ஒனக்குத்தான் கண்ணு மங்கிருச்சு."

"மூணு தரம் அளந்துட்டேனே."

"அளந்தா? மெலிஞ்ச அளவ எழுதிப்புட்டு அப்பறம் அந்தச் செல்விகிட்ட வாங்கினது பத்தாதாக்கும்?"

செல்வியை உனக்குத் தெரியாது. நான் கடை போட்ட புதிதில் வந்த கஸ்டமர். காமாலையில் கிடந்து எழுந்தவள் தன் தம்பி கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். நானும் புத்தகத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கிற அளவை எடுத்து, உள்ளே துணிகூட அதிகம் விடாமல் கச்சிதமாகத் தைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கல்யாணத்தன்று காலை, ஒரு கை ரவிக்கைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக முந்தானையைப் போர்த்திக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இத எனக்குத் தச்சீகளா, எம்மகளுக்குத் தச்சீகளா? முழங்கைக்கு மேல ஏற மாட்டேங்குது!"

"அளவு குடுக்கிறப்ப குச்சியா இருந்தியே ஆத்தா."

"காமாலைல கெடந்தவ குச்சியாத்தான் இருப்பா. அப்படியே செத்துப்போயிருவேன்னு நெனச்சுத் தச்சீகளோ?"

தெருவே கூடி நின்றது. அன்றிலிருந்து என் கடையில் ஒரு சட்டம். கூடின அளவை நோட்டில் ஏற்று, குறைந்த அளவை ஏற்றாதே. மெலிந்து வருகிறவள் காய்ச்சலில் மெலிந்திருப்பாள், மாமியாரால் மெலிந்திருப்பாள், பேறுகாலம் முடிந்து மெலிந்திருப்பாள். எப்படியும் திரும்ப உப்புவாள். பழைய அளவிலேயே வெட்டு, வேண்டுமானால் உள்பக்கம் ஒரு தையல் பிடித்துக்கொடு. கெட்டிக்காரத்தனமான சட்டம், தம்பி. முப்பது வருடமாக ஒரு ரவிக்கை திரும்பி வந்ததில்லை. "ஏத்தா, நீ அப்படியேதான் இருக்க" என்று சொல்லிக்கொண்டே பழைய எண்ணைப் பார்த்து வெட்டினால், கஸ்டமர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொய் ருசித்துவிட்டது.

அதைத்தான் மரத்துக்கும் செய்தேன். மாசிக்கும் தை அளவு. பங்குனிக்கும் தை அளவு. சித்திரையில் தளிர் விட்டும் அளவு ஏறவில்லை, அதற்கும் தை அளவு. ஆவணி வாக்கில் மழை பெய்து நிஜ எண் பழைய எண்ணைத் தாண்டியதும், "பாத்தியா, உப்பிருச்சுல்ல" என்று மதினியிடம் பெருமை அடித்துக்கொண்டு மறுபடி உண்மையை எழுதத் தொடங்கினேன். அடுத்த வருடமும் அப்படி, அதற்கடுத்த வருடமும் அப்படி. மூன்றாவது வருடம் வந்தபோது பங்குனியில் டேப்பைக்கூட எடுக்கவில்லை, கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே பழைய எண்ணை உனக்கு அனுப்பினேன். நீ ஒவ்வொரு தடவையும் "சூப்பர்ம்மா" என்று ஒரு கட்டைவிரல் படம் போட்டாய். அந்தக் கட்டைவிரலை இப்போது நினைத்தால் என் கண்ணில் வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது. மரம் மெலியும் என்று நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று உன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். மெலியும் என்று தெரிந்தால் அளக்கிறவள் அளக்காமலே குறைத்து எழுதிவிடுவாள், அதனால் சொல்லக் கூடாது என்று நீ நினைத்திருப்பாய். நியாயம்தான். அளக்கிறவளுக்கு மூளை அதிகம் என்பது உனக்கு எப்படித் தெரியும்?

இந்தப் புத்தி மரத்தோடு போயிருந்தால்கூட இம்புட்டு அருவருப்பு வந்திருக்காது. வியாழக்கிழமையிலிருந்து வேறொன்று நினைவில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் உன்னை ஹாஸ்டலில் சேர்த்தோம். பொங்கல் லீவுக்கு வந்தாய். பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு இடுப்பளவு எடுத்தேன். இருபத்தாறு. ஆடி மாதம் எடுத்தது இருபத்தெட்டு. வளர்கிற பிள்ளைக்கு ஆறு மாதத்தில் இரண்டு இஞ்ச் குறைந்திருக்கிறது, டேப் என் கையில் இருக்கிறது, எண் என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. நீ வாயைத் திறந்து, "அம்மா, அங்க எனக்கு" என்று ஆரம்பித்தாய். நான் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு, "ரெண்டு மாசத்துல உப்பிருவடா" என்றேன். இருபத்தெட்டுக்கே தைத்தேன். அந்தக் கால்சட்டையை அரைஞாண் கயிற்றுக்குள் செருகிக்கொண்டு நீ பஸ் ஏறினாய். பெரிய பையன்கள் உன் தட்டைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தார்கள் என்பது வருடம் முடிந்து, உன் கூடப் படித்தவனின் அம்மா ரவிக்கை தைக்க வந்து வாய்தவறிச் சொன்னபோதுதான் தெரியும். அன்றைக்கும் நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. குறைந்ததைச் சொன்னால் அம்மா கேட்க மாட்டாள் என்று உனக்குப் பதினாலு வயதிலேயே தெரிந்துவிட்டது. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பு!

வியாழக்கிழமை கக்கிவிட்டு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். கப்பலூரில் இருபது வருடமாக இரும்புப் பெட்டி செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற மனிதர். தரம் பார்க்கிறவராச்சே, இரண்டு திட்டுத் திட்டுவார், மனசு ஆறும் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை மில்லி?"

"அஞ்சு. ஒரு வருசம் ஆறு."

"அம்புட்டுத்தானா? எங்க கம்பெனில பத்து மில்லி வரைக்கும் பாஸு. போயிச் சோத்தப் போடு."

"புள்ள அத வச்சு ஒரு பாடமே எழுதியிருக்கான்ங்க."

"எழுதட்டுமே. ஆனி மாசம் பயபுள்ள பிளேன் ஏறணும். பட்டம் வந்தாத்தான் அந்த வெளிநாட்டு வேலை. நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. மரமா வந்து சாட்சி சொல்லப் போகுது?"

அவரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். உன் பேர் போட்ட விசாவும் பெட்டியும் கண்ணுக்குள் வந்து போயின. "பேப்பருக்குள் இருக்கிற ஒரு மரம், யாருக்கு என்ன நஷ்டம்" என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். நாளைக்கு எவனோ ஓர் அதிகாரி உன் புத்தகத்தை நம்பிக் கால்வாய்க் கரை நெடுக வாகைக் கன்று நடுவான், வறட்சியில் அது வாடி நிற்கும்போது உன் பேரைத்தான் தேடுவான். அதுவரை யோசித்தும் வாயைத் திறக்கவில்லை என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஜந்து என்று பார்த்துக்கொள். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, நீ நன்றிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாய். "மூன்று ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் அளந்த என் அம்மாவுக்கு." அதைப் படித்த பிறகும் மூடிக்கொண்டிருக்க எனக்குத் தோல் தடிமன் போதவில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உபதேசம் இல்லை, பிரித்துத் தைக்கிற வழி. என் எண்களில் அடுத்தடுத்த மாதம் ஒரே எண் வருகிற இடமெல்லாம் முதலாவது உண்மை, பின்னால் வருகிற அத்தனையும் பொய். எண் ஏறுகிற இடமெல்லாம் உண்மை. பொய்யை எல்லாம் அடித்துவிடு. நிஜ எண்ணை எங்கேயாவது ஓரமாகக் குறித்து வைத்திருப்பேன் என்று தேடாதே, கேட்காதே. குறிக்கவில்லை. நான் ஞாபகத்திலிருந்து சொல்கிறேன் என்று ஆரம்பித்தாலும் நம்பாதே, நான் சொன்னால் நன்றாகத்தான் சொல்வேன். கால்வாய்க் கசிவு, வேர், கரையோரம் நடுவது எல்லாவற்றையும் கிழித்துப் போடு. அத்தியாயம் பாதியாகும். பேராசிரியர் இன்னொரு வருடம் அளந்து வா என்று சொன்னாலும் சொல்வார். ஆனியில் பிளேன் போய்விடும். போகட்டும் என்று நான் சுலபமாகச் சொல்ல முடியாது, அது உன் பிளேன். அந்த வேலைக்காக நீ எத்தனை பேருக்கு மின்னஞ்சல் எழுதினாய், எத்தனை நாள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதை நான் கெடுத்திருக்கிறேன். "அதெல்லாம் சரியாயிரும்டா, ரெண்டு மாசத்துல" என்று இந்தத் தடவை சொல்ல மாட்டேன். சரியாகாமலும் போகலாம்.

இன்று காலை போய் அளந்தேன். பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்பு, மஞ்சள் கோட்டின் மேல் டேப்பை வைத்து, மூன்று தரம். மரம் மொட்டையாக நின்றது. பட்டை வெடித்து, தொட்டால் வறட்டி மாதிரி இருந்தது. எத்தனை மழை குடித்த உடம்பு, இப்போது உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கிறது. இதை மூன்று பங்குனியிலும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் "அப்படியே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன். மதினி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எம்புட்டு?"

"தையில எடுத்ததுக்கு ஆறு மில்லி கம்மி."

"அய்ய, புள்ள பரீட்சை நேரத்துல இது என்னத்துக்கு? பழசையே போட்டு விடு ஆத்தா."

"வாய மூடு மதினி. ஒன் பேச்சக் கேட்டது போதும்."

கோபித்துக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் இட்லி வராது. அந்த எண்ணை அப்படியே எழுதினேன் தம்பி, சத்தியமாக. முப்பது வருடத்தில் குறைந்த அளவை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வந்து மறுபடி அளந்து பார்த்த பிறகு நம்பினால் போதும்.

நன்றிப் பக்கத்திலிருந்து என் பேரை எடு. பிழையை விளக்குகிற பக்கம் என்று ஒன்று இருக்குமே, அங்கே போடு. "பதிவுகளில் சில பிழைகள் நேர்ந்துள்ளன" என்று, பிழை ஏதோ காற்றில் பறந்து வந்து உட்கார்ந்த மாதிரி எழுதாதே. எனக்கு அந்த மாதிரி வாக்கியங்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. "அளந்தவர் என் தாய். வறண்ட மாதங்களில் சுற்றளவு குறைந்ததைக் கண்டும் பழைய எண்ணையே எழுதினார்" என்று எழுது. ஊர், தொழில் எல்லாம் போட்டுக்கொள். திங்கட்கிழமை உன் பேராசிரியர்கள் முன்னால் நின்று அதை வாய்விட்டும் சொல்.

சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணு. திட்டுவதற்கு என்றால் மட்டும் பண்ணு. "பரவாயில்லம்மா" என்று சொல்வதற்கு என்றால் பண்ணாதே, கடையில் வேலை கிடக்கிறது, எடுக்க மாட்டேன்.

அம்மா